மஹ்தூம் மறைக்காத செய்தி

தக்கலையில் அடங்கியிருக்கும் பீர் முகம்மது அப்பா அவர்களின் தர்காவுக்குச் சென்று வந்தோர் 'அஞ்சுவண்ணம்' என்ற சொல்லை அறிந்திருப்பர். அவ்வூர் முஸ்லிம் ஜமாஅத்தின் பெயரில் இன்றும் வாழும் பழஞ்சொல் அது. கடல் கடந்து வந்த வணிகக் குழுவினரை அது குறித்தது. கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் பொறித்தளித்த செப்பேட்டின்படி, அஞ்சுவண்ண உரிமையைப் பெற்றவர் ஒரு யூதர். ஏட்டில் அவர் பெயர் இசுப்பு இரப்பான். யூசுஃப் என்ற பெயரின் மற்றொரு வடிவமே அது. பல்லக்கு, குடை, பகல் விளக்கு முதலாக 72 உரிமைகள் அவருக்கு வட்டெழுத்தில் வழங்கப்பட்டன. அதற்கும் முந்திய 849ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டில், ஒரு கிறித்தவ ஆலயத்துக்கான கொடைக்கு அரபு எழுத்திலும் எபிரேய எழுத்திலும் பஹ்லவி எழுத்திலும் சாட்சிக் கையெழுத்துகள் உள்ளன.

இதே நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் யூதர் பட்ட பாடு வேறு. 1290இல் இங்கிலாந்து அவர்களை நாட்டைவிட்டே துரத்தியது. 1492இல் கிரானடா வீழ்ந்த அதே ஆண்டில், மதம் மாறாத யூதர் அனைவரும் ஸ்பெயினை விட்டு வெளியேற வேண்டுமென ஆணை பிறந்தது. அடுத்து முஸ்லிம்களின் முறை வந்தது. கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட அவர்களின் சந்ததியினரும் 1609 முதல் நாடு கடத்தப்பட்டனர். அன்று துரத்தப்பட்ட யூதருக்கு உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் புகலிடம் அளித்ததை நாம் பெருமையுடன் கூறுகிறோம், கூறவும் வேண்டும். ஆயினும் நம் கரையில் நிகழ்ந்த ஒன்றை அதிகம் பேசுவதில்லை.

பொன்னானியின் மார்க்க மேதை ஷைகு ஜைனுத்தீன் மஹ்தூம் (இரண்டாமவர்) 1583 அளவில் 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூலை இயற்றினார். மலபார் முஸ்லிம்கள் மீது பரங்கியர் இழைத்த கொடுமைகளின் பட்டியல் அது. வாஸ்கோ ட காமா 1502இல் ஹஜ் பயணிகள் நிறைந்த கப்பலைக் கொளுத்திய காலத்தின் வடு ஆறாத சமுதாயத்துக்காக எழுதப்பட்டது. அந்த நூலிலேயே, ஹிஜ்ரி 931இல் (1524-25) கொடுங்கல்லூரில் நம்மவர் திரண்டு சென்று யூதரைக் கொன்றதையும், அவர்தம் வீடுகளையும் ஜெப ஆலயங்களையும் எரித்ததையும் மஹ்தூம் பதிவு செய்திருக்கிறார். பரங்கியரால் அடிபட்டுக் கொண்டிருந்த சமுதாயமே அண்டை வீட்டாரை அடித்தது. தம் மக்களின் துயரைச் சொல்ல முனைந்த நூலில் இதை விட்டுவிட்டிருந்தால் அவரை யார் கேட்டிருப்பார்கள்?

வீடிழந்த யூதர் பலர் கொச்சியை நாடினர். பிற்பாடு கொடுங்கல்லூரில் பரங்கியர் தொல்லையும் பெருகியது. 1560இல் கோவாவில் மதவிசாரணை மன்றம் நிறுவப்பட்டது. மறைவாகத் தம் மார்க்கத்தைப் பேணியவர்களை அது வேட்டையாடியது. கொச்சி மன்னரோ தம் அரண்மனைக்கு அடுத்தே யூதருக்கு இடம் கொடுத்தார். 1568இல் எழுந்த மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்துக்குப் பக்கத்தில் அரண்மனைக் கோயில் நிற்கிறது. 1662இல் பரங்கியர் அவ்வாலயத்துக்குத் தீ வைத்தனர். மறு ஆண்டே டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்ற, ஆலயம் செப்பனிடப்பட்டது.

நாஜி ஜெர்மனி 60 இலட்சம் யூதரைக் கொன்று குவித்த நாள்களிலும் மட்டாஞ்சேரியில் அவர்களின் சனிக்கிழமை வழிபாடு தடைபடவில்லை. 1948இல் இஸ்ரேல் உருவான பின் பெரும்பாலோர் தாமாகவே புறப்பட்டுச் சென்றனர். யூதத் தெருவின் பழைய வீடுகள் பலவும் இப்போது கடைகளாகிவிட்டன. பாஸ்கர ரவிவர்மரின் செப்பேடு மட்டும் அந்த ஜெப ஆலயத்தின் உடைமையாக இருந்து வருகிறது.