பத்தாவது படிக்கிற தம்பிக்கு எந்தப் புத்தகம் கொடுக்கலாம்?

இன்னைக்கு என்னோட ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். என் சித்தி பையன் பத்தாவது போனப்போ, அவனுக்குப் பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்தையும் மொத்தமா வாங்கிக் கொடுத்தேன். எனக்கு உயிரான கதை அது. ஆறு மாசம் கழிச்சு அவங்க வீட்டுக்குப் போனா, நாலு பாகத்துக்கு பிளாஸ்டிக் கவரே பிரிக்கல. முதல் பாகம் மட்டும் லேப்டாப்புக்கு முட்டுக் கொடுத்துட்டு இருந்தது.

"கதை நல்லாத்தான்ணா இருக்கு. ஆனா ஒரு பக்கம் படிக்க அஞ்சு நிமிஷம் ஆகுது"ன்னான்.

அப்போதான் எனக்கு உறைச்சது. பையன் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல வாய் கிழியப் பேசுவான். படிக்கிறப்போ மட்டும் எழுத்துக் கூட்டணும், அது அவனுக்குக் கூச்சம் வேற. நான் எனக்குப் பிடிச்சதைக் கொடுத்தேனே தவிர, அவன் வேகத்தை யோசிக்கவே இல்லை. வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீராணம் ஏரிக்கரையில குதிரையில வர்றான். கடம்பூர் மாளிகையில அந்த ரகசியக் கூட்டத்தை ஒளிஞ்சிருந்து பார்க்கிறப்போதான் கொக்கி மாட்டும். எனக்கு அந்தத் தூரம் ஒரு சாயங்காலம். அவனுக்கு ஒரு வாரம். அதுக்குள்ள போன் கூப்பிட்டுடும்.

மெதுவாப் படிக்கிறவங்களுக்கு முதல் பக்கத்துலயே 'அடுத்து என்ன'ங்கிற கேள்வி வந்தாகணும். அதனால அடுத்த தடவை பூமணியோட 'வெக்கை'யைக் கொடுத்தேன். 1982-ல வந்த நாவல். சிதம்பரம்னு 15 வயசுப் பையன். தன் அண்ணனைக் கொன்ன வடக்கூரானோட கையை மட்டும் வெட்டணும்னுதான் போறான். ஆள் செத்துப் போயிடுறான். கதை தொடங்குறதே அங்கதான். அப்பாவும் பையனும் ஊரை விட்டு ஓடுறாங்க. எட்டு நாள், காடு மேடுன்னு மறைஞ்சு திரியறாங்க. மாட்டுவாங்களா மாட்டாங்களா, அவ்வளவுதான் கேள்வி.

வெற்றிமாறனோட 'அசுரன்' இந்த நாவல்ல இருந்து வந்த படம்தான். படம் பார்த்துட்டோமேன்னு விட்டுடாதீங்க. படம் அப்பாவைச் சுத்திப் போகுது, நாவல்ல நாம பையன் கூடவே ஓடுறோம்.

வட்டார வழக்கு அவனுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு பயந்தேன். நடந்தது தலைகீழ். கரிசல் காட்டுப் பேச்சை மனசுக்குள்ள படிச்சா சிக்குது, வாய்விட்டுப் படிச்சா புரியுது. ஏன்னா அது காதுக்கான தமிழ். ரூம் கதவைச் சாத்திட்டு சத்தமாப் படிச்சிருக்கான். சித்தி வெளியே நின்னு கேட்டுட்டு எனக்கு போன் போட்டாங்க: "பரீட்சைக்குப் படிக்கிறான்னு நினைச்சேன்டா. பத்தாவது பையனுக்கு வெட்டுக்குத்துக் கதையா கொடுப்ப?"

நியாயமான கேள்வி. ஆனா அதே வீட்டு ஹால்லதான் எல்லாரும் சேர்ந்து 'அசுரன்' பார்த்தோம். தவிர, இந்த நாவல் கொலையைக் கொண்டாடல. ஒரு பையன் அந்தக் காரியத்தைத் தூக்கிச் சுமந்துட்டுத் திரியறதைத்தான் காட்டுது. இதெல்லாம் சொன்னேன். சித்தி முழுசா ஒத்துக்கல.

ரெண்டாவதா சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா'. விகடன்ல தொடரா வந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்னா, ஒவ்வொரு அத்தியாயமும் வாசகரை அடுத்த வாரம் கடைக்கு இழுத்தாகணும். நம்ம வெப் சீரிஸ் எபிசோடு முடியற மாதிரியே முடியும். ராத்திரிக்கு ஒரு அத்தியாயம்னு வெச்சுக்கிட்டா, மெதுவாப் படிக்கிறவங்களுக்கும் தாங்கும். கதை நடக்கிற வருஷம் 2021. சர்வாதிகாரி ஜீவா ஆள்ற இந்தியா, எல்லாருக்கும் ரெண்டெழுத்துப் பேர்தான். நிலாவோட புருஷன் சிபி காணாமப் போறான். கூடவே ஜீனோன்னு பேசற, புத்தகம் படிக்கிற ஒரு இயந்திர நாய். 2021 வந்துட்டுப் போயிடுச்சேன்னு பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு, ஜீனோ பேசறதைக் கேட்டா இப்போ கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. அது தனி எபிசோடு.

இங்கிலீஷ்ல சரளமாப் படிக்கிறவங்கன்னா, அகதா கிறிஸ்டியோட 'அண்ட் தென் தேர் வேர் நன்'. 1939. ஒரு தீவு, பத்துப் பேர், ஒவ்வொருத்தரா சாகுறாங்க. இதுக்கு மேல நான் வாயைத் திறந்தா பாவம்.

போன வாரம் தம்பிகிட்ட இருந்து ஒரு மெசேஜ், ராத்திரி ஒரு மணிக்கு. "ஜீனோவுக்கு அடுத்த பாகம் இருக்காமே?" இருக்கு, 'மீண்டும் ஜீனோ'. ஞாயித்துக்கிழமை வாங்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன். லேப்டாப் இன்னும் பொன்னியின் செல்வன் மேலதான் இருக்கு.