நோய் பற்றிய மிகையச்சமும் அதனால் விளையும் தீங்குகளும்

நோய் பற்றிய மிகையச்சம் என்பது, கடுமையான நோய் ஏதும் இல்லாதபோதும், அல்லது சிறு உபாதை மட்டுமே உள்ளபோதும், தமக்குப் பெரிய நோய் வந்துவிட்டது அல்லது வரப்போகிறது என்று ஒருவர் விடாமல் அஞ்சும் நிலையாகும். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பின்னும் இந்த அச்சம் நீங்காது. நீங்கினாலும் சில நாட்களில் வேறொரு நோயின் பெயரில் திரும்பி வரும். ஆங்கில மருத்துவத்தில் இதற்கு நெடுங்காலமாக ஹைப்போகாண்ட்ரியாசிஸ் என்று பெயர். விலா எலும்புகளுக்குக் கீழுள்ள பகுதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. காரணமற்ற துயரமும் பயமும் வயிற்றின் மேற்பகுதி உறுப்புகளில் தோன்றுவதாக அக்கால மருத்துவர்கள் நம்பினர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்னும் வகைப்பாட்டு நூல் பழைய பெயரைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக வைத்த 'நோய்க் கவலைக் கோளாறு' என்ற பிரிவில் சேர்க்க, கவலை குறைந்தது ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்றது.

ஊர்வழக்கில் இத்தகையவரைப் பற்றி, "அவருக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிடுவார்கள். நோய்தான் பிரமையே தவிர, அச்சத்தால் வரும் துன்பம் பிரமையன்று. அந்த அச்சமே உடலையும் குடும்பத்தையும் கைப்பணத்தையும் கெடுக்கக்கூடியது. சிலருக்கு ஆயுளையும் குறைக்கிறது.

== நியாயமான பயம் ==

எல்லாப் பயமும் மிகையச்சம் ஆகாது. காரைக்காலில் 2022-ஆம் ஆண்டு நடந்ததே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வயிற்றுப்போக்கும் காலராவும் பரவியதால் அந்த ஆண்டு ஜூலை 3 அன்று காரைக்கால் மாவட்டத்தில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது; பள்ளி, கல்லூரிகள் மூன்று நாட்கள் மூடப்பட்டன. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும், கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும், வயிற்றுப்போக்கு கண்டவுடன் மருத்துவமனைக்கு வரவும் மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. நெரவியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் இருந்தவர்கள் அப்போது குடத்துத் தண்ணீரைச் சந்தேகத்தோடு பார்த்திருந்தால் அது சரியான பயமே. அந்தப் பயத்துக்கு ஒரு வேலை இருந்தது. தண்ணீரைக் காய்ச்சினால் அது தணிந்தது. நோய் அடங்கியதும் பயமும் அடங்கியது.

மிகையச்சத்துக்கு இப்படி ஒரு முடிவு கிடையாது. நெரவியில் உள்ள ஒருவருக்கு நெஞ்சில் குத்தல் என்று வைத்துக்கொள்வோம். காரைக்காலில் இசிஜி எடுத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள், "அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் விட்டிருப்பார்களோ" என்ற எண்ணம் எழுகிறது. அடுத்த வாரம் தஞ்சாவூர். அதற்கும் அடுத்து, பேருந்தில் நான்கு மணி நேரம் போய்ப் புதுச்சேரி. பழைய சீட்டைக் காட்டினால் புதிய மருத்துவர் அதையே பார்த்துச் சொல்லிவிடுவார் என்று அதைக் காட்டுவதும் இல்லை. ஆகவே ஒவ்வோரிடத்திலும் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நிம்மதி முன்னதைவிடக் குறுகியதாக இருக்கும்.

இதற்கு நேர்மாறாக நடப்பவர்களும் உண்டு. எதையாவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி மருத்துவமனை வாசலையே மிதிக்காதவர்கள் இவர்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்மையாகவே இருந்தாலும் பார்க்காமல் விட்டுவிடுவது இவர்களுக்கு நேரும் பெரிய இழப்பு.

== அச்சம் உடலில் செய்வது ==

உடல் ஒருபோதும் அமைதியாக இருப்பதில்லை. வயிறு இரையும், இதயம் ஒரு துடிப்பை விட்டுப் பிடிக்கும், தசை துடிக்கும், காலை எழுந்ததும் தலை லேசாகச் சுற்றும். இவற்றைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. அஞ்சுபவரின் கவனம் முழுவதும் அங்கேயே இருப்பதால் சிறு உணர்வும் பெரிதாகத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழி இங்கே உடலுக்குள் நடக்கிறது.

அடுத்த படி இன்னும் முக்கியமானது. பயந்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேகமூச்சால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும், நெஞ்சு இறுகும். மாரடைப்பு என்று அஞ்சியவர் மாரடைப்பைப் போன்ற அறிகுறிகளைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று நாளுக்கு இருபது முறை அழுத்திப் பார்த்தால் அந்த இடம் கன்றி வலிக்கும். வலிப்பதால் இன்னும் அழுத்திப் பார்க்கத் தோன்றும். கொரோனா காலத்தில் வீடுகளில் புழங்கிய ஆக்சிமீட்டரும் பலரை இப்படி அலைக்கழித்தது. குளிர்ந்த விரலிலும் நகச்சாயம் பூசிய விரலிலும் அக்கருவி குறைவான அளவைக் காட்டக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

இணையத் தேடல் இதற்குத் தூபம் போடுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவன ஆய்வாளர்கள் ரயன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2008-இல், தலைவலி போன்ற சாதாரண அறிகுறியைத் தேடுபவர்கள் எவ்வளவு எளிதில் மூளைக்கட்டிப் பக்கங்களுக்குப் போய்ச் சேர்கிறார்கள் என்பதை விளக்கினர். தலைவலிக்குப் போதிய தூக்கமின்மை, கண் பார்வைக் குறை, சளி என்று பொதுவான காரணங்கள் பல உண்டு. மூளைக்கட்டி மிக அரிது. ஆனால் தேடுபொறி இவற்றை அருகருகே வைத்துக் காட்டும்போது அரிது எது, பொது எது என்ற வேறுபாடு மறைந்துபோகிறது.

== பரிசோதனையே தீங்காவது ==

"பார்த்துவிட்டால் நல்லதுதானே, என்ன கெட்டுவிடப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை சொல்ல மேல்நிலைப் பள்ளிக் கணக்கே போதும். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் அச்சிடப்படும் இயல்பு அளவு பெரும்பாலும், நலமாக உள்ளவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும்படி வகுக்கப்படுவது. அதாவது நலமாக உள்ள 100 பேரில் 5 பேரின் அளவு அந்த எல்லைக்கு வெளியே இருக்கும். ஒருவர் ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் செய்துகொண்டால், எல்லாமே எல்லைக்குள் வருவதற்கான வாய்ப்பு 0.95-ஐ இருபது முறை பெருக்கினால் கிடைக்கும் 0.36 மட்டுமே. எந்த நோயும் இல்லாதவருக்கே ஏதாவதொன்று தடித்த எழுத்தில் அச்சாகி வர 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. 60, 70 பரிசோதனைகள் கொண்ட 'முழு உடல் பரிசோதனை'த் தொகுப்புகளை அச்சத்தால் ஆண்டுக்கு இருமுறை எடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒரு தடித்த எழுத்து ஸ்கேனுக்கும், ஸ்கேனில் தெரியும் தீங்கற்ற புள்ளி ஒன்று ஊசி போட்டுச் சதை எடுக்கும் பரிசோதனைக்கும் வழிவகுக்கும்.

ஒரு நாடே இந்த வழியில் போனதுண்டு. தென்கொரியாவில் புற்றுநோய்ப் பரிசோதனைக்குச் சென்றவர்கள் சிறிது பணம் சேர்த்துக் கட்டிக் கழுத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளும் வழக்கம் பரவியது. 1993-க்கும் 2011-க்கும் இடையில் அங்கே தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 15 மடங்கானது. அந்நோயால் இறந்தவர்களின் விகிதமோ மாறவே இல்லை. உயிருக்கு ஆபத்தில்லாமல் கழுத்தில் கிடந்திருக்கக்கூடிய நுண்கட்டிகளுக்காக ஏராளமானோர் தைராய்டு சுரப்பியை இழந்து, வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்க வேண்டியதாயிற்று. சிலருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014-இல் மருத்துவர்களே முன்வந்து எச்சரித்த பிறகுதான் அறுவை சிகிச்சைகள் குறைந்தன. அறிகுறி எதுவும் இல்லாதவர்களைப் பற்றிய செய்தி இது. கழுத்தில் கட்டி தெரிந்தவர் மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான்.

இந்தியாவிலும் கொரோனாவின் இரண்டாம் அலையில் இதுபோன்ற ஒன்று நடந்தது. 2021 மே மாதத் தொடக்கத்தில், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் அப்போதைய இயக்குநர் ரண்தீப் குலேரியா, லேசான தொற்று உள்ளவர்கள்கூட மூன்று நாளுக்கு ஒருமுறை சிடி ஸ்கேன் எடுப்பதாகக் குறிப்பிட்டு எச்சரித்தார். ஒரு சிடி ஸ்கேன் 300, 400 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்று அவர் சொன்ன கணக்கைக் கதிரியல் மருத்துவர்கள் மறுத்தனர். இன்றைய கருவிகளில் கதிர்வீச்சு அதைவிட மிகக் குறைவு என்பது அவர்கள் வாதம். என்றாலும் ஆக்சிஜன் அளவு இயல்பாக இருக்கும் லேசான நோயாளிக்குச் சிடி ஸ்கேன் தேவையில்லை என்ற அவருடைய அடிப்படைக் கருத்து வலுவானது.

== மருந்துகளும் போலிகளும் ==

2020 மார்ச்சில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்ற செய்தி பரவியதும், நோயே இல்லாதவர்கள் மருந்துக்கடைகளில் அதை வாங்கிக் குவித்தனர். மார்ச் 26 அன்று மத்திய அரசு அதன் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் அம்மாத்திரையை அன்றாடம் நம்பியிருந்தவர்கள் கடைகடையாக அலைய நேர்ந்தது. அச்சத்தின் தீங்கு அஞ்சியவரோடு நிற்பதில்லை என்பதற்கு இது ஒரு சான்று. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடிய மருந்து அது என்பதும் விழுங்கியவர்களில் பலருக்குத் தெரியாது.

இளைஞர்களிடையே காணப்படும் இன்னொரு வகை அச்சம் நம் நாட்டுக்கே உரியது எனலாம். விந்து வெளியேறினால் உடல் உருக்குலைந்துவிடும் என்ற பயத்தால் களைப்பு, உடல்வலி, மனச்சோர்வு என்று பலர் மருத்துவரிடம் வருவதைக் கவனித்த மனநல மருத்துவர் என்.என்.விக், 1960-இல் இதற்குத் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டார். இயல்பான உடற்செயலை நோய் என்று சொல்லி அச்சுறுத்தி, லாட்ஜ் அறைகளில் முகாமிட்டு லேகியம் விற்கும் போலிகள் தமிழ்நாட்டில் இன்றும் இந்தப் பயத்தில்தான் பிழைக்கிறார்கள். மருத்துவர் மாத்ருபூதம் விஜய் தொலைக்காட்சியின் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் இத்தகைய ஐயங்களுக்குக் கூச்சமின்றி விடை சொன்னது அக்காலத்தில் பெரிய சேவை.

== உயிருக்கு ஆபத்து ==

2020 பிப்ரவரியில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் நடந்த நிகழ்வு துயரமானது. நடுத்தர வயதுடைய ஒருவர் வேறொரு உபாதைக்காக மருத்துவமனை சென்று வந்தார். கைப்பேசியில் கொரோனா பற்றிய காணொளிகளைத் தொடர்ந்து பார்த்த அவர், தமக்கு அந்நோய் தொற்றிவிட்டதாக உறுதியாக நம்பினார். வீட்டாரையும் ஊராரையும் அருகில் வரவிடாமல் தடுத்தார். முடிவில் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அப்போது இந்தியா முழுவதிலும் உறுதி செய்யப்பட்டிருந்த கொரோனா நோயாளிகள் மூவர் மட்டுமே. மூவரும் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். ஆந்திரத்தில் ஒருவர்கூட இல்லை. குடும்பத்தைக் காப்பாற்றுவதாக எண்ணியே அவர் விலகி நின்றார் என்பதுதான் நெஞ்சை வருத்துவது.

இது தனி நிகழ்வு என்று ஒதுக்கிவிட முடியாது. சுவீடனில் 1997 முதல் 2020 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, ஹைப்போகாண்ட்ரியாசிஸ் என்று மருத்துவர்களால் கண்டறியப்பட்ட 4,129 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டது. இவர்களின் இறப்பு அபாயம் 84 விழுக்காடு அதிகம். இறந்தவர்களின் சராசரி வயது மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து ஆண்டு குறைவு. தற்கொலை அபாயம் நான்கு மடங்கு. இதயம், நுரையீரல் சார்ந்த இறப்புகளும் கூடுதலாக இருந்தன. பலரும் அஞ்சிய புற்றுநோயால் ஏற்படும் இறப்பு மட்டும் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. நார்வேயில் ஏறத்தாழ 7,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஆய்விலும், நோயச்சம் மிகுந்தவர்களில் 6 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 3 விழுக்காட்டினருக்கும் இதய நோய் வந்தது. அச்சம்தான் இதயத்தைக் கெடுத்தது என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் அடிக்கடி பரிசோதித்துக்கொள்வதால் நீண்ட காலம் வாழலாம் என்ற எண்ணத்துக்கு இதில் ஆதரவு இல்லை.

== சிகிச்சை ==

இது குணப்படுத்தக்கூடிய நிலை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் பேச்சுவழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. இங்கிலாந்தில் 444 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், சில அமர்வுகளே கொண்ட இச்சிகிச்சையின் பயன் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்களே அதைச் சிறப்பாக அளித்தனர் என்பது நம்மைப் போன்ற நாட்டுக்குக் கவனிக்கத்தக்க செய்தி. சிலருக்கு மனச்சோர்வுக்கான மருந்துகளும் தேவைப்படும். நாடித்துடிப்பைச் சோதிப்பது, இணையத்தில் தேடுவது, "எனக்கு ஒன்றுமில்லையே?" என்று வீட்டாரைக் கேட்பது ஆகியவற்றைப் படிப்படியாகக் குறைக்கச் செய்வது சிகிச்சையின் முக்கியப் பகுதி. ஒரே மருத்துவரிடம் நாள் குறித்துச் சென்று காட்டுவதும் உதவும்; புதிய உபாதை வந்தால் அவரே பார்த்து, தேவையானால் மட்டும் பரிசோதனைக்கு அனுப்புவார்.

வீட்டில் உள்ளவர்கள் கேலி செய்வதும் பயன் தராது, கேட்கும்போதெல்லாம் ஆறுதல் சொல்வதும் பயன் தராது. "வலி இருப்பது உண்மைதான், வா, அந்த டாக்டரிடமே மறுபடியும் பேசுவோம்" என்பது போன்ற பேச்சு உகந்தது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. உயிரை விடும் எண்ணம் தோன்றுபவர்களுக்கு உதவும் சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050.