மேட்டில் கியரை மாற்றினால் சைக்கிள் மிதிப்பது ஏன் இலகுவாகிறது?

பெல்ஜியத்தின் தெற்கில், லக்சம்பர்க், பிரான்ஸ் எல்லைகளை ஒட்டிய ஆர்டென் காட்டுப் பகுதியில் 700 மீட்டர் உயர மலைகூட இல்லை. எனினும் ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளில் சாலைகள் இறங்கி இறங்கி ஏறுவதால், 1892-இல் தொடங்கிய லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் சைக்கிள் பந்தயம் வீரர்களின் கால்களைக் கடுமையாகச் சோதிக்கிறது.

அங்கே 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சாலையொன்றை எண்ணிப் பாருங்கள். மிதிகட்டையோடு சுழலும் முன் பல்சக்கரத்தில் 50 பற்களும் பின்னதில் 11 பற்களும் இருந்தால், ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 9.5 மீட்டர் ஓடும். அதற்குள் ஆளும் வண்டியும் 95 சென்டிமீட்டர் உயர்ந்தாக வேண்டும். இரண்டிலும் 34 பற்கள் என்றால், சுற்றுக்கு 21 சென்டிமீட்டர்தான்.

அரிசி மூட்டையைச் சுமந்தபடி இடுப்பளவுத் திண்ணைமேல் ஒரே எட்டில் ஏறுவதற்கும், படிப்படியாக ஏறுவதற்கும் உள்ள வேறுபாடே இது. மொத்த உழைப்பு குறைவதில்லை. ஒவ்வோர் எட்டின் பளு குறைகிறது, எட்டுகள் பெருகுகின்றன.

தன் வலிமையின் எல்லையில் இயங்கும் தசை விரைவில் சோர்ந்துவிடுவதால், இந்தப் பரிமாற்றம் பெரும் வரம். டூர் டி பிரான்ஸ் பந்தயம், சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவவைக்கும் கியரை 1937-இல்தான் அனுமதித்தது என்பது வருத்தத்திற்குரியது.

சங்கிலி கடுமையாக இழுபடும்போது ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவாது என்பதால், தேர்ந்தவர்கள் மேடு தொடங்குமுன்பே கியரை மாற்றிவிடுகின்றனர்.