ஊசி போகும் வழி

"கட்டியில ஊசி குத்தக் கூடாது, குத்தினா பரவிடும்." கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி என்ற பேச்சு எழுந்தவுடன் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். பயந்து பயாப்சியைத் தள்ளிப்போடுவது தவறுதான். ஆனால் எலும்பிலும் சதையிலும் வரும் சார்கோமா கட்டிகள் விஷயத்தில் மருத்துவர்களும் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துத்தான் ஊசியை எடுக்கிறார்கள். ஊசி வந்த தடத்தில் புற்றணுக்கள் தங்கிவிட இடமுண்டு. அதனால், பின்னால் கட்டியை அகற்றும்போது அந்தத் தடத்தையும் சேர்த்து வெட்டி எடுக்கத் தோதாக, முதலிலேயே வழி பார்த்துத்தான் குத்துகிறார்கள்.

வழி பார்ப்பது என்றால் என்ன? மேற்கை எலும்பின் தலையில் கட்டி என்று வைத்துக்கொள்வோம். தோள் அறுவைகளில் வழக்கமாக உள்ளே போவது டெல்டாய்டு தசைக்கும் மார்புத் தசைக்கும் இடையிலுள்ள இடுக்கு வழியாக. கட்டிக்கு அந்த வழி ஆகாது. தசைகளின் இடைவெளியில் ரத்தம் கசிந்து பரவினால் பெரிய ரத்தக் குழாய்கள் பக்கம்வரை புற்றணு போய்விடலாம். டெல்டாய்டின் முன்பகுதியைத் துளைத்தே ஊசியை விடுவார்கள். அந்தத் தசைக்கான நரம்பு பின்னாலிருந்து சுற்றி முன்னால் வருவதால், முன்பகுதியை வெட்டி எடுத்தாலும் மீதித் தசை பிழைத்துக்கொள்ளும். எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாளை அறுக்கப்போகும் மருத்துவரே குத்தும் புள்ளியைக் குறித்துக்கொடுப்பது இதனால்தான் நல்லது.

இது வெறும் ஜாக்கிரதை இல்லை. அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஹென்றி மான்கினும் அவருடைய குழுவினரும் 1982-இல் இத்தகைய நோயாளிகள் 329 பேரின் பயாப்சி விவரங்களைத் திரட்டி வெளியிட்டார்கள். 15 பேருக்குக் கையோ காலோ தேவையில்லாமல் வெட்டப்பட்டிருந்தது. காரணம் நோய் இல்லை, பயாப்சி செய்த விதம். 1996-இல் 597 பேரை வைத்து மறுபடி பார்த்தபோதும் நிலைமை அதிகம் மாறவில்லை. இம்முறை 18 பேர். கட்டிக்குச் சிகிச்சை தரும் மையத்திலேயே பயாப்சி செய்துகொண்டவர்களிடம் தவறுகள் வெகுவாகக் குறைந்திருந்தன.

இனி ஊசிகள். மெல்லிய ஊசியால் உறிஞ்சும் முறை பழையது. 1930-இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் அதைப் பற்றி எழுதினார்கள். சுலபம், வலி குறைவு. ஆனால் வருவது உதிரி அணுக்கள். கோலத்தைப் பெருக்கிக் கூட்டிவிட்டு, மாவை மட்டும் காட்டி என்ன கோலம் என்று கேட்பது மாதிரி. சார்கோமாவில் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, எலும்பை உண்டாக்குகின்றனவா குருத்தெலும்பையா என்பதே முக்கியம். அதனால் முதல்முறை நோயறிய இன்று பெரும்பாலும் சதையைத் துண்டாகவே எடுக்கும் ஊசிதான்.

சதைக் கட்டிக்கு ட்ரூகட் வகை. உள்கம்பியின் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம். அது கட்டிக்குள் நுழைந்ததும், பள்ளத்தில் வந்து உட்காரும் சதையை வெளிக்குழாய் பாய்ந்து சீவிவிடும். ஸ்பிரிங் வைத்த துப்பாக்கியில் இது 'டக்'கென்று நடக்கும். வலியைவிடச் சத்தத்துக்கே பலர் தூக்கிவாரிப்போட்டு அசைந்துவிடுவார்கள். அதனால் முதலில் காற்றில் ஒருமுறை சுட்டுக் காட்டிவிடுவது நல்ல வழக்கம்.

எலும்புக்கு ஜம்ஷிதி ஊசி. உண்மையில் எலும்பு மஜ்ஜை எடுப்பதற்காக வந்தது. மரத்துப்போகும் மருந்தை எலும்பைப் போர்த்திய சவ்வுவரை இறக்க வேண்டும். உயிர்போகிற வலி அங்கேதான். பிறகு கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருகித் திருகி உள்ளே செலுத்துவார்கள். நுனி குறுகலாக இருப்பதால் உள்ளே சிக்கிய துண்டு நழுவாது. வெளியே எடுக்கும்போதும் நுனி வழியாக வராது. நுனியிலிருந்து கம்பியால் தள்ளிக் கைப்பிடிப் பக்கமாக எடுக்க வேண்டும். கட்டியின் நடுப்பகுதி பல சமயம் செத்துப்போன சதையாக இருக்கும் என்பதால் ஓரத்துச் சதையே உருப்படியான சதை.

அப்புறம் காத்திருப்பு. எலும்புத் துண்டை அப்படியே மெல்லியதாகச் சீவ முடியாது. அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைக்கவே நாள் பிடிக்கும். கடும் அமிலம் மரபணுவைக் கெடுத்துவிடும் என்பதால், மரபணுச் சோதனை தேவைப்படும் ஈவிங் சார்கோமா என்ற சந்தேகம் இருந்தால் மென்மையான துண்டு ஒன்றை அமிலம் படாமல் தனியே வைப்பார்கள். இன்னொரு துண்டு ஃபார்மலினில் போடாமல், சலைனில் கிருமிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஃபார்மலின் பட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. எலும்பைத் தின்னும் காசநோய் எக்ஸ்ரேயில் கட்டி மாதிரியே தெரிவதுண்டு என்பதால், காசநோய் மிகுந்த நம் நாட்டில் இந்தத் துண்டை அனுப்பாமல் விடக் கூடாது.