பெந்தெகொஸ்தே நாளில் அறிவிக்கப்பட்ட நாமம்



ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பி, மதிய உணவுக்குப் பின் சற்றே ஓய்ந்திருக்கும் வேளையில் கதவு தட்டப்படுகிறது. நேர்த்தியாய் உடுத்திய இருவர் வாசலில் நிற்கிறார்கள். மும்பையானாலும் பெங்களூரானாலும் டில்லியானாலும், நகரங்களில் குடியேறிய தமிழ் விசுவாசிகளில் அநேகர் இதை அறிந்திருப்பீர்கள். வந்தவர்கள் பணிவாகவே பேசுகிறார்கள். தேவனுடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறார்கள். "கர்த்தர்" என்கிறீர்கள். அது பட்டம்தானே, பெயர் அல்லவே என்று சொல்லி, 83-ஆம் சங்கீதத்தின் முடிவை உங்கள் வேதாகமத்திலேயே திறந்து காட்டுகிறார்கள். அங்கே யேகோவா என்று அச்சாகியிருக்கிறது. அதன்பின் பேச்சு மெல்லத் திரும்புகிறது: யேகோவா ஒருவரே தேவன், இயேசுவோ அவரால் முதலாவது சிருஷ்டிக்கப்பட்டவர் என்கிறார்கள்.

இவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் இயக்கத்தார். கடிந்து பேசிக் கதவைச் சாத்துவது எளிது. நம்மில் சிலர் அப்படியே செய்கிறோம். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. வேதத்தில் கர்த்தர் என்று அழைக்கப்படுகிறவர் யார்? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டு உள்ளறையில் இருக்கிறார்கள் என்பதை மறவாதிருங்கள். பதிலுக்காக நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. எந்த நாளின் பெயரால் நாம் பெந்தெகொஸ்தேயினர் என்று அழைக்கப்படுகிறோமோ, அந்த நாளில் பேதுரு செய்த பிரசங்கத்திலேயே அது இருக்கிறது.

நான்கு எழுத்துகள்

முதலாவது, வந்தவர்கள் சொன்னதில் உண்மையானதை ஒப்புக்கொள்ளுவோம். எபிரெய வேதாகமத்தில் தேவனுடைய தனிப்பெயர் நான்கு மெய்யெழுத்துகளால் எழுதப்பட்டு, 6,800 தடவைக்கு மேல் வருகிறது. யூதர்கள் பயபக்தியினால் அதை உச்சரியாமல், அந்த இடம் வரும்போதெல்லாம் ஆண்டவர் என்று பொருள்படும் "அதோனாய்" என்னும் சொல்லை வாசித்தார்கள். பிற்காலத்தில் வேதபிரதிகளுக்கு உயிரெழுத்துக் குறிகளைச் சேர்த்த மசோரேத்தர் என்னும் யூத அறிஞர், அந்த நான்கு எழுத்துகளின்மேல் அதோனாய் என்பதன் உயிர்க்குறிகளை வைத்தார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்ததால் உண்டானதே யேகோவா என்னும் உச்சரிப்பு. ஆதியில் அது "யாவே" என்று ஒலித்திருக்கவேண்டும் என்பது பெரும்பாலான எபிரெய அறிஞரின் கருத்து. ஆகவே, இன்ன ஓசையில் அழைத்தால்தான் தேவன் கேட்பார் என்று வாதிடுவதற்கு உறுதியான அடிப்படை இல்லை.

இதில் ஒரு காரியம் உங்களுக்கு ஆச்சரியமாயிருக்கலாம். அந்த நாமத்தை உச்சரியாத சபை என்று நம்மைச் சொல்லுகிறவர்கள் நம் ஆராதனைக்கு வந்து பார்த்ததில்லை போலும்! அல்லேலூயா என்பதன் கடைசி அசையான "யா" அந்த நாமத்தின் சுருங்கிய வடிவம். "யாவைத் துதியுங்கள்" என்பதே அச்சொல்லின் பொருள். ஏசாயா, எரேமியா, ஒபதியா என்று நம் பிள்ளைகளுக்கு இடும் பெயர்களின் முடிவிலும் அதுவே இருக்கிறது. இயேசு என்னும் பெயருக்கு மூலமாகிய எபிரெயப் பெயரோ, அந்த நாமமுடையவர் இரட்சிக்கிறார் என்று பொருள்படும்.

அந்த நாமம் எப்பொழுது கொடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். பிறந்த தேசத்தைவிட்டு ஓடிவந்து, மாமனாருடைய ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அது வெளிப்படுத்தப்பட்டது. தான் அந்நிய தேசத்தில் பரதேசியாயிருப்பதைத் தன் மகனுடைய பெயரிலேயே பதித்து வைத்திருந்தவர் மோசே (யாத். 2:22). எரியும் முட்செடியிலிருந்து தேவன் முதலில் தம் பெயரைச் சொல்லவில்லை. தம் ஜனத்தின் உபத்திரவத்தைப் பார்த்ததையும், கூக்குரலைக் கேட்டதையும், விடுவிக்க இறங்கிவந்ததையும் சொன்னார் (யாத். 3:7,8). அதன்பின் மோசே கேட்டபோதே, தாம் இருக்கிறவர் என்று அறிவித்தார் (3:14). இரண்டு வசனங்களுக்கு முன்னே, மோசேயோடு தாம் இருப்பதாக வாக்குக் கொடுத்த இடத்திலும் எபிரெயத்தில் இதே வினைச்சொல்தான் நிற்கிறது (3:12). ஆகையால் இருக்கிறவர் என்பதை வெறும் தத்துவ வார்த்தையாக வாசிக்கலாகாது. உன்னோடு இருக்கிறவர், இறங்கிவருகிறவர் என்பதே அதன் முதல் பொருள். வேலை தேடி ஊரைவிட்டு வந்து, மொழி தெரியாத இடத்தில் முதல் இரவைக் கழித்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை.

மூன்று மொழிகளில் ஒரே வசனம்

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சந்திரியாவிலே எபிரெய வேதம் கிரேக்க மொழிக்குப் பெயர்க்கப்படத் தொடங்கியது. அந்தக் கிரேக்க வேதத்தை இன்று நாம் அறிந்திருக்கிற வடிவில், நான்கெழுத்து நாமம் வரும் இடங்களில் "கூரியோஸ்" என்னும் சொல் நிற்கிறது. பழைய பிரதிகள் எல்லாம் அப்படி இல்லை, கி.மு. முதலாம் நூற்றாண்டின் உபாகமப் பிரதி ஒன்றில் கிரேக்கத்தின் நடுவே எபிரெய எழுத்துகளே எழுதப்பட்டிருக்கின்றன. புதிய ஏற்பாட்டின் கதை வேறு. 5,000-க்கும் மேற்பட்ட அதன் கிரேக்கக் கைப்பிரதிகளில் ஒன்றிலாகிலும் அந்த நான்கெழுத்து இல்லை. அல்லேலூயாவில் வரும் "யா" மாத்திரமே உண்டு (வெளி. 19:1-6). இப்படியிருக்க, யெகோவாவின் சாட்சிகள் 1950-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் அந்தப் பெயரை 237 இடங்களில் சேர்த்தார்கள். எந்தக் கிரேக்கக் கைப்பிரதியின் ஆதாரத்தினால் என்று கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு, அன்போடு கேளுங்கள்.

நம் தமிழ் வேதாகமத்துக்கு வருவோம். ஹென்றி பவர் ஐயரின் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பே இன்றும் நம் சபைகளில் வாசிக்கப்படுகிறது. அதிலே யேகோவா என்னும் சொல் அபூர்வம் (யாத். 6:3, ஏசா. 12:2 போன்ற சில இடங்கள்). மற்றெல்லா இடங்களிலும் அந்த நாமத்துக்குக் கர்த்தர் என்றும், அதோனாய் என்பதற்கு ஆண்டவர் என்றும் வருகிறது. புதிய ஏற்பாட்டில் இயேசுவைக் குறிக்கும் கூரியோஸ் என்பதற்கும் பெரும்பாலும் அதே கர்த்தர்தான்.

ஆனால் உங்கள் மகன் பள்ளியில் இந்தி படித்து, இந்தி வேதாகமத்தை வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். யோவேல் 2:32-இல் அவனுக்கு "யஹோவா" என்றிருக்கும். அதே வசனம் அப்போஸ்தலர் 2:21-இல் வரும்போது "பிரபு" என்றிருக்கும். இரண்டும் ஒன்று என்று அவன் எப்படி அறிவான்? தெலுங்கிலும் மலையாளத்திலும் பழைய ஏற்பாட்டில் யெகோவா என்றே பரவலாக வாசிக்கிறார்கள். ஆங்கில வேதாகமங்கள் பலவற்றில் பழைய ஏற்பாட்டின் சொல் முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த வேற்றுமையைச் சிறுவர் கவனிப்பதில்லை. தமிழில் வாசிக்கிறவருக்கோ இரண்டு இடத்திலும் ஒரே கர்த்தர். பேதுரு கட்டிய பாலம் நம் மொழிபெயர்ப்பில் உடையாமல் நிற்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுக்க நேரமில்லை என்கிற பெற்றோர், இதையும் எண்ணிப்பார்த்தால் நல்லது.

ஒரு வசனத்தின் இரண்டு பாதிகள்

இனி அந்தப் பிரசங்கத்துக்கு வருவோம். அன்று எருசலேமில் கூடியிருந்தவர்கள் பார்த்தர், மேதர், ஏலாமீத்தர், மெசொப்பொத்தாமியாவிலும் கப்பத்தோக்கியாவிலும் பொந்துவிலும் எகிப்திலும் குடியிருந்தவர்கள், ரோமாபுரியிலிருந்து வந்து தங்கியிருந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் தான் பிறந்த பாஷை ஒன்று இருந்தது. தாராவியின் ஒரு சந்தில் நின்றால் காதில் விழும் பாஷைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அப்படிப்பட்ட கூட்டம்.

ஆவியானவர் மாம்சமான யாவர்மேலும் ஊற்றப்படுவதைப் பற்றிய யோவேலின் தீர்க்கதரிசனத்தைப் பேதுரு எடுத்துச் சொல்லுகிறார். நமக்கு மனப்பாடமான பகுதி அது. குமாரரும் குமாரத்திகளும், வாலிபரும் மூப்பரும் என்று அப்போஸ்தலர் 2:17, 18 வசனங்களை நம் கூட்டங்களில் கேளாதவர் இல்லை. அங்கேயே நாம் நிறுத்திக்கொள்ளுகிறோம் என்பதுதான் என் வருத்தம். பேதுரு நிறுத்தவில்லை. கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான் என்னும் வாக்குத்தத்தம் வரைக்கும் போகிறார் (2:21). யோவேலின் எபிரெயத்தில் இந்தக் கர்த்தர், அந்த நான்கெழுத்து நாமமுடையவர்.

இந்த இடத்தில் சற்றே நின்று வாசியுங்கள். யோவேல் 2:32 இதோடு முடிகிற வசனம் அல்ல. கர்த்தர் வரவழைக்கிறவர்களைப் பற்றிய மறுபாதி ஒன்று உண்டு. பேதுரு முதற்பாதியைச் சொல்லிவிட்டு, மறுபாதியைச் சொல்லாமல், உடனே நசரேயனாகிய இயேசுவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார் (2:22). அவருடைய அற்புதங்கள், சிலுவை, உயிர்த்தெழுதல், தேவனுடைய வலதுபாரிசம் என்று பிரசங்கம் முழுவதும் அவரே. பின்பு, மனந்திரும்பி இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே ஞானஸ்நானம் பெறும்படி அழைக்கிறார் (2:38). அதற்கு அடுத்த வசனத்தில்தான் யோவேலின் மறுபாதி எதிரொலிக்கிறது: தேவனாகிய கர்த்தர் வரவழைக்கும் தூரத்திலுள்ள யாவருக்கும் இந்த வாக்குத்தத்தம் உரியது என்கிறார் (2:39). ஒரே வசனத்தின் இரண்டு பாதிகளுக்கு நடுவே இயேசுவை முழுமையாய் வைத்துவிட்டார்! தொழுதுகொள்ளவேண்டிய அந்த நாமம் எது என்று கேட்டவர்களுக்கு, ஞானஸ்நானத்தில் அறிக்கையிடப்படும் நாமத்தையே காட்டினார்.

2:36-இல் தேவன் இயேசுவை ஆண்டவரும் கிறிஸ்துவுமாக்கினார் என்னும் கருத்தை நம் வேதாகமத்தில் காண்கிறோம். அங்கே தமிழில் ஆண்டவர் என்றிருந்தாலும், கிரேக்கத்தில் 21-ஆம் வசனத்திலுள்ள அதே கூரியோஸ்தான். அப்படியானால் அதற்குமுன் அவர் கர்த்தர் அல்லவோ என்று வாசலில் நிற்பவர் கேட்கக்கூடும். மனிதர் சிலுவையில் அறைந்து நிராகரித்தவரைத் தேவன் உயர்த்தி, அவர் இன்னாரென்று யாவருக்கும் முன்பாக நிலைநாட்டினார் என்பதே அங்குள்ள எதிர்மறை. உலகத்தோற்றத்துக்கு முன்னே அவர் யார் என்பதை யோவான் முதலாம் அதிகாரம் சொல்லுகிறது.

பவுலும் இதே வழியில்தான் நடக்கிறார். யோவேலின் அதே வசனத்தை எடுத்து, இயேசுவைக் கர்த்தர் என்று வாயினால் அறிக்கையிடுவதோடு இணைக்கிறார் (ரோமர் 10:9-13). எல்லா முழங்காலும் தமக்கு முன்பாகவே முடங்கும் என்று ஏசாயாவில் தேவன் தம்மைக்கொண்டே ஆணையிட்ட வார்த்தையை (ஏசா. 45:23), இயேசுவின் நாமத்துக்கு உரியதாக்குகிறார் (பிலி. 2:10,11). தம்மைத் தவிர வேறே தேவன் இல்லை என்று கர்த்தர் திரும்பத் திரும்பச் சொல்லும் அதிகாரம் அது. ஒரு சிருஷ்டிக்கு அதைச் சூட்டியிருந்தால், பரிசேயனாய் வளர்ந்த பவுல் தேவதூஷணம் செய்தவராவார்.

இதைக்கொண்டு பிதாவும் குமாரனும் ஒரே ஆள்தான் என்று முடிவுகட்டுகிறவர்களும் நம் நடுவில் உண்டு. அவர்களும் அதே பிரசங்கத்தின் 33-ஆம் வசனத்தை மெதுவாய் வாசிக்கட்டும். தேவனுடைய வலதுகரத்தினால் உயர்த்தப்பட்டவர், பிதாவினிடத்தில் பெற்றுக்கொண்டு, பரிசுத்த ஆவியைப் பொழிந்தருளினார். கொடுத்தவர் ஒருவர், பெற்றுப் பொழிந்தவர் ஒருவர், பொழியப்பட்டவர் ஒருவர். தேவத்துவம் ஒன்று.

கிரேக்கர் நடுவே சபை பரவிய பிற்பாடு இயேசு மெல்ல மெல்லக் கர்த்தராக்கப்பட்டார் என்று சிலர் எழுதுவதையும் நீங்கள் வாசித்திருக்கலாம். 1 கொரிந்தியர் 16:22-இன் கடைசி வார்த்தைகளைப் பாருங்கள். நம் தமிழில் கர்த்தருடைய வருகையைச் சொல்லும் வார்த்தைகளாக அவை பெயர்க்கப்பட்டிருக்கின்றன. மூலத்திலோ, கிரேக்க நிருபத்தின் நடுவே மாரநாதா என்னும் அரமேயச் சொல் அப்படியே நிற்கிறது. எங்கள் கர்த்தாவே, வாரும் என்பது அதன் பொருள். அரமேயம் எருசலேமிலும் கலிலேயாவிலும் இருந்த முதல் விசுவாசிகளின் தாய்மொழி. அவர்கள் தங்கள் வீட்டு மொழியில் இயேசுவைக் கர்த்தர் என்று கூப்பிட்டு ஜெபித்த அந்த ஜெபம், மொழிபெயர்க்கப்படாமலே கொரிந்து வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. சவுல் தமஸ்குவுக்குப் புறப்பட்டபோதே, விசுவாசிகளை இன்னாரென்று காட்டிய அடையாளம் இயேசுவின் நாமத்தைத் தொழுதுகொள்ளுகிறவர்கள் என்பதுதான் (அப். 9:14, 21). யோவேலின் வார்த்தை அவர்களுடைய பெயராகவே ஆகிவிட்டது.

அடுத்த முறை கதவு தட்டப்பட்டால், வந்தவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். அவர்கள் திறக்கும் சங்கீதத்தை மறுக்கவேண்டாம். அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தை 17 முதல் 39 வரைக்கும் சேர்ந்து வாசிப்போம் என்று கேளுங்கள். அதற்கு முன்பாக, வீட்டில் பிள்ளைகளின் இந்தி வேதாகமமோ தெலுங்கு வேதாகமமோ இருந்தால், யோவேல் 2:32-இன் ஓரத்தில் "அப். 2:21" என்று பென்சிலால் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.