காட்டுக் கடுகை வாசலில் வளர்ப்போம்



மழை விட்டதும் சாக்கடை ஓரத்திலும் செம்பனை வரிசைக்கு நடுவிலும் ஒரு செடி தலைகாட்டும். முழங்காலைத் தாண்டாது. சின்ன மஞ்சள் பூ, ஊசிபோல் மெல்லிய காய். இலையைக் கசக்கினால் கடுகு நெடி. இதுதான் காட்டுக் கடுகு. கடையில் காசு கொடுத்து வாங்கும் சாவிக் கீரைக்குத் தூரத்துச் சொந்தம். கொழுந்து இலை கறிக்கு ஆகும்.

ஆனால் வேலைக்காட்டில் கண்ட இடத்தில் பறித்து மடியில் கட்டாதீர்கள். பராகுவாட் மருந்தை அரசாங்கம் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது, சரி. மற்ற களைக்கொல்லிகளை இன்றும் அடிக்கத்தானே செய்கிறார்கள்? கிளைபோசேட் இலை வழியே செடிக்குள் இறங்கிவிடும். பத்துத் தண்ணீரில் கழுவினாலும் போகாது. அடித்த அன்றே செடி வாடாது, பச்சையாகவே நிற்கும். பார்த்து ஏமாறக்கூடாது.

ஆகவே நாமே வளர்ப்போம். முதலில் செடியைச் சரியாகப் பாருங்கள். கடுகுப் பூவுக்கு நான்கே இதழ், சிலுவை வடிவில் இருக்கும். கிலுகிலுப்பைக்கும் மஞ்சள் பூதான். ஆனால் அது அவரைப்பூ மாதிரி இருக்கும். அது ஈரலைக் கெடுக்கும் விஷம். சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

மருந்து படாத இடத்துச் செடியில் காய் மஞ்சளித்ததும் பறித்து, தாளில் உலர்த்துங்கள். விதை பொடிப்பொடியாக இருக்கும். மணலோடு கலந்து ஈரமண்ணில் தூவுங்கள்; ஆழமாகப் புதைக்க வேண்டாம். பழைய வாளி போதும். மருந்து வந்த டின் மட்டும் கூடவே கூடாது. காலை, மாலை தண்ணீர் தெளியுங்கள். பூக்கும் முன்னே இலையைக் கிள்ளுங்கள். பூத்தால் கசப்பு ஏறும். விதைக்கு இரண்டு செடியை விட்டுவையுங்கள். கொதிநீரில் ஒரு கொதி விட்டுப் பிழிந்து, நெத்திலியோடு வதக்கினால் சோறு தானாக இறங்கும்.

இன்னொன்று. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, வேலையில் உள்ள ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியது முதலாளியின் கடமை. எந்த மருந்து, எந்த இடம், எந்த நாள் என்று காலைப் பெரட்டிலேயே கேளுங்கள். வீட்டு ஓரம் மருந்தடிக்க வேண்டாமென்று தோட்டக் கமிட்டி மூலம் எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும், கடுதாசி நிற்கும்.

நம் பிள்ளைகள் தின்னும் கீரையில் மருந்து இருக்கலாமா? விடக்கூடாது.