ஏழு குகைகளும் பத்துச் சங்கிலிகளும்

டிசம்பர் பிறந்தால் எங்கள் கரையோர ஊர்களில் வான் வாடகைக்குப் பேசும் காலம் தொடங்கிவிடும். ஒலுவில், பாலமுனை, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் இளைஞர்கள் கூட்டமாக, ஆதம் மலை எனப்படும் பாவாத மலைக்குப் புறப்படுகிறார்கள். ஒலுவில் துறைமுகத்துக் கல்லணையில் ஏறி நின்று மேற்கே பார்த்தாலும் அந்த மலை தெரியாது. ஊவா மலைநாடு முழுவதும் நடுவே மறைத்து நிற்கிறது. பகலில் கிளம்பிய வான் நள்ளிரவுக்குள் மலையடியிலுள்ள நல்லதண்ணியை அடையும். மின்விளக்கு வெளிச்சத்தில் 5,500 படிகளையும் மூச்சு வாங்க ஏறி, சூரிய உதயத்தைப் படம் பிடித்து, உச்சி வெயிலுக்கு முன் இறங்கி, மறுநாள் சுபஹுக்கு ஊர் வந்துவிடுகிறார்கள். கால் வலி மட்டும் ஒரு கிழமைக்கு நிற்கும்.

போகட்டும், நல்லதுதான். ஆனால் இந்த அவசரத்தில் மலையின் பாதி கைநழுவிப் போகிறது என்பதே என் எண்ணம். இதே மலையை ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வழிகாட்டிகளோடு, தங்கித் தங்கி, குகை குகையாக ஏறியிருக்கிறார். அந்தப் பயணத்தின் விவரம் அவர் வாயாலேயே பதிவாகியிருக்கிறது. இமயத்தில் தேநீர்விடுதி விட்டுத் தேநீர்விடுதி நடப்பதையும், அல்ப்ஸில் குடில் விட்டுக் குடில் நடப்பதையும் இணையத்தில் பார்த்து ஏங்கும் நம் பிள்ளைகளுக்கு, அப்படியொரு நடை இந்தத் தீவிலேயே இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அவர் இப்னு பதூதா. மொரோக்கோவின் தஞ்சா நகரத்தவர். 1344 ஓகஸ்டில் மாலைத்தீவிலிருந்து மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையை நோக்கிக் கப்பலேறியவர், காற்று மாறி ஒன்பதாம் நாள் இலங்கையின் மேற்குக் கரைக்கு வந்தார். கரை தென்படுமுன்பே வானத்தில் புகைத்தூண் போல் அந்த மலை எழுந்து நின்றதாகச் சொல்கிறார். இறங்கிய இடம் பத்தாலா, இன்றைய புத்தளம். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. முத்துக்களைக் காட்டி, பாரசீக மொழியில் உரையாடி, வேண்டியதைக் கூச்சமின்றிக் கேள் என்றார் மன்னர். இந்தத் தீவுக்கு வந்தபின் எனக்கு ஒரே ஆசைதான், மலையுச்சியிலுள்ள ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதச்சுவட்டைக் காண வேண்டும் என்றார் பதூதா.

அது எளிது என்ற மன்னர், உடனே ஒரு குழுவைத் திரட்டிக் கொடுத்தார். பல்லக்கும் அதைச் சுமக்கும் ஆட்களும்; ஆண்டுதோறும் அந்தப் பாதத்துக்கு யாத்திரை போவதை வழக்கமாகக் கொண்ட நான்கு யோகிகள்; மூன்று பிராமணர்கள்; மன்னரின் பரிவாரத்தில் பத்துப் பேர்; உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர். வடக்கே ஆண்ட ஒரு தமிழ் இந்து மன்னன், மேற்குலகிலிருந்து வந்த ஒரு முஸ்லிமை, சிங்கள நாட்டிலுள்ள ஒரு மலைக்கு, யோகிகளை வழிகாட்டிகளாக வைத்து அனுப்புகிறான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பாதம் யாருடையது என்று அந்தக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நம்பிக்கை இருந்திருக்கும். பாதை ஒன்றாகவே இருந்தது.

மூங்கில் தெப்பத்தில் ஆற்றைக் கடந்தார்கள். சிலாபத்தைத் தாண்டியதும் கரடுமுரடான காடு, நீர் நிறைந்த ஓடைகள், யானைக் கூட்டம். பிறகு குனகார் என்று அவர் குறிப்பிடும் தலைநகர். அது குருநாகலா, இரத்தினபுரியா என்று ஆய்வாளர்கள் வெவ்வேறு விதமாகச் சொல்வார்கள். என் மனம் நிலைகொள்வது அந்த நகரத்தின் வெளிப்புறத்தில் அவர் கண்ட ஒரு பள்ளிவாசலில். அது ஷீராஸ் நகரத்து ஷெய்கு உஸ்மானின் பள்ளி. அரசனும் குடிமக்களும் தேடிப்போய்ப் பார்க்கும் பெரியவர் அவர். பாதத்துக்குப் போகும் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தவரும் அவரே. ஒரு பசுவை அறுத்ததற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டிருந்தன. அந்த நாட்டு வழக்கப்படி அதற்குரிய தண்டனை மரணம். அவர் மீதிருந்த மதிப்பால் உயிரை விட்டுவைத்து, ஒரு சந்தையின் வருமானத்தையும் அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவரால் நடக்க முடியாமல் போன பிறகு, அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் வழிகாட்டும் வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

பயணநூல்களில் வழிகாட்டிகளுக்குப் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை. இந்த ஒருவருக்குப் பெயரும் ஊரும் துயரமும் கிடைத்திருக்கின்றன. மலைப்பாதையைக் கால்களால் அறிந்த ஒருவர் காலை இழந்தபோது அந்த அறிவு அழியவில்லை, வீட்டாருக்குக் கைமாறியது. அன்றே அது ஒரு தொழிலாக, குடும்பத்தின் பொறுப்பாக இருந்திருக்கிறது.

குனகாருக்கு அப்பால்தான் உண்மையான ஏற்றம். ஒரு குகை, ஓர் ஓடை, குரங்குகள் நிறைந்த ஒரு நீர்நிலை, மூங்கில் செறிந்த ஓர் இடம் என்று ஒவ்வொரு தங்கலையும் பெயர் சொல்லி அடுக்குகிறார் பதூதா. மனிதக் குடியிருப்பின் கடைசி எல்லை ‘கிழவியின் வீடு’. அதற்குமேல் பாபா தாஹிர் குகை, அரசைத் துறந்து தவம் இருந்த ஒருவரின் குகை, ஏழு குகைகள், இஸ்கந்தர் ஏற்றம். பாறையே கூரை, ஊற்றே கிணறு. ஒரு தங்கலிலிருந்து அடுத்தது எவ்வளவு தூரம், எங்கே தண்ணீர், எங்கே இரவைக் கழிக்கலாம் என்பது யோகிகளுக்கு மனப்பாடம்.

அட்டைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நீரோரப் புல்லிலும் மரத்திலும் இருந்து தாவி ஒட்டிக்கொள்ளுமாம். பயணிகள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து சாற்றைப் பிழிய, அது கழன்று விழும். கடித்த இடத்தை இதற்கென்றே வைத்திருக்கும் மரக்கத்தியால் சுரண்டுவார்கள். அட்டைகளை அலட்சியம் செய்த ஒருவர் இரத்தம் வடிந்தே இறந்துபோன கதையையும் சொல்கிறார். மிகையோ என்று தோன்றலாம். அவர் போன மாதங்களை நினைத்தால் அப்படித் தோன்றாது. ஓகஸ்ட், செப்டம்பர் என்பது தென்மேற்குப் பருவமழை அந்த மலையை ஊறவைக்கும் காலம். இன்று யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிவது அந்த மழைக்காகவே. மழையில் வழுக்கும் பாறையில், விளக்கும் கைப்பிடியும் இல்லாத காலத்தில் ஏறியவர் அவர்.

உச்சிக்கு இரண்டு வழிகள். ஒன்று பாபா வழி, ஆதமுக்குரியது. மற்றது மாமா வழி, ஹவ்வாவுக்குரியது. மாமா வழி இலகுவானது, திரும்பி வருவதற்கானது. அதால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே யாரும் மதிப்பதில்லை. பாபா வழியில் முன்னோர் பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அறைந்து, பிடித்து ஏறச் சங்கிலி தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் பத்துச் சங்கிலிகள். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கே நின்று கீழே பார்ப்பவருக்குத் தலை சுற்றும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் தானாகவே கலிமா வாயில் வரும். அந்த உயரத்தில் மேகம் காலுக்குக் கீழே கிடந்து மலையடியை மறைத்ததையும் பதூதா கண்டார்.

அதற்கும் மேலே கிழ்று அலைஹிஸ்ஸலாம் பெயரிலான குகை, மீன்கள் நிறைந்த ஓர் ஊற்று, பாறையில் குடைந்த இரண்டு தொட்டிகள். சுமைகளை அங்கே இறக்கி வைத்துவிட்டு உச்சிக்குப் போவார்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு இறங்குவதில்லை. மூன்று நாள் அந்தக் குகையில் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசித்து வருவது வழக்கம். பதூதாவும் அப்படியே செய்தார். பாதத்தைச் சுற்றிப் பாறையில் வெட்டிய ஒன்பது குழிகளில் யாத்திரிகர் பொன்னும் மாணிக்கமும் முத்தும் இடுவார்கள். கிழ்று குகையை எட்டியதும் அவற்றை எடுக்கப் பக்கீர்கள் முந்திக்கொண்டு ஓடுவார்களாம். பதூதாவின் குழு போனபோது சில கற்களும் கொஞ்சம் பொன்னும்தான் கிடந்தன. அவற்றை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வெறும் பக்தியால் மட்டும் இந்தப் பாதை நிலைத்துவிடவில்லை. அதற்கு ஆட்சியாளர்கள் செலவழித்தார்கள். 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகு, கடினமான வழியில் வருந்தி நடக்கும் யாத்திரிகருக்கு உணவளிப்பதற்காகக் கிலிமலை என்ற ஊரையே மானியமாக விட்டான் என்கிறது மகாவம்சம். ஊவாப் பக்கத்து வழிக்கும் அவன் அறக்கொடை செய்திருக்கிறான். எங்கள் கிழக்குத் திசையிலிருந்து போகிறவர்கள் தொடக்கூடிய வழி அது. அம்பகமுவைக் கல்வெட்டும் அவனுடைய மலைக்கொடைகளைச் சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவபதிராஜர், பாதையில் பாலங்களும் தங்குமடங்களும் அமைத்தார். அம்பலம் என்பது இப்படிப்பட்ட வழிமடத்தைத்தான்.

விஜயபாகுவின் அதே நூற்றாண்டில், அல்ப்ஸ் மலையின் 2,469 மீற்றர் உயரக் கணவாயொன்றில், ரோமுக்குப் போகும் யாத்திரிகருக்காகப் பெர்னார்ட் என்ற துறவி ஒரு மடம் கட்டினார். இன்றும் அது விருந்தினரை ஏற்கிறது. உல்லாச மலையேறிகளுக்கான குடில்கள் வந்தது வெகு பின்னால். சுவிஸ் அல்ப்ஸ் கழகம் தொடங்கியதும் தன் முதல் குடிலைக் கட்டியதும் 1863இல். ஆக, அங்கும் இங்கும் மலையில் முதலில் கூரை போட்டது யாத்திரிகருக்காகவே. அங்கே அந்த மரபைக் கழகங்கள் எடுத்து வளர்த்தன. இங்கே நாம் நெடுஞ்சாலையை நீட்டி, படியை எண்ணி, ஒரே இரவில் முடித்துவிடக் கற்றுக்கொண்டோம்.

தங்கித் தங்கி நடக்கும் பழக்கம் எங்கள் கரைக்கு அந்நியமும் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் கதிர்காமப் பாதயாத்திரிகர் வேல் ஏந்தியவர் முன்னே செல்ல, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாக இதே பிரதான வீதியால்தான் நடந்து போகிறார்கள். கோயிலுக்குக் கோயில் தங்கல். உகந்தைக்கு அப்பால் குமண, யால காடுகளில் ஆற்றங்கரைகளே தங்கல். வழி தெரிந்த மூத்தவர்கள் முன்னே நடக்க, புதியவர்கள் பின்னே நடக்கிறார்கள். கதிர்காமத்தில் முருகன் கோயிலுக்கு அருகிலேயே கிழ்று பெயரிலான பள்ளிவாசலும் பால்குடி பாவாவின் அடக்கத்தலமும் இருக்கின்றன. விழாக் காலத்தில் அங்கும் கொடி ஏறும். ஆதம் மலைக் குகையிலும் கதிர்காமத்திலும் ஒரே கிழ்று. இந்தத் தீவின் கடினமான பாதைகளின் முடிவில் அவர் காத்திருப்பதாக நம் மூத்தவர்கள் நம்பியதில் எனக்கு வியப்பே இல்லை.

அதனால் இம்முறை வான் பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நல்லதண்ணியால் ஏறாதீர்கள். நல்லதண்ணியே 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது; அங்கிருந்து உச்சிக்கு ஏறுவது ஏறத்தாழ 1,000 மீற்றர்தான். இரத்தினபுரியோ கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். அங்கிருந்து கிலிமலை, பலாபத்தல வழியாகப் போகும் பழைய பாதையில்தான் 2,243 மீற்றர் மலை தன் முழு உயரத்தையும் காட்டும். 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காட்டினூடாகப் போகிறது அது. பகலில் நடங்கள். அந்தப் பக்கத்து ஊரவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்து, அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பாதைக் கடைகளில் தேத்தண்ணி குடியுங்கள், ஏறி வருகிற கிழவிகளுக்கு வழி விடுங்கள், வெறும் போத்தல்களைத் திரும்பச் சுமந்து வாருங்கள். வழியில் ஹெரமிட்டிப்பான மடத்தில் ஓர் இரவு தங்குங்கள். எலுமிச்சம்பழமும் உப்பும் பையில் இருக்கட்டும். உச்சியில் ஒரு மாலையையும் ஒரு காலையையும் பார்த்துவிட்டு மறுபக்கத்தால், படிகள் வழியே இறங்குங்கள். வானை முதல்நாளே இரத்தினபுரியிலிருந்து சுற்றி நல்லதண்ணிக்கு அனுப்பி வைத்துவிட்டால் போதும்.